ஹெரால்டு ஸ்டீயரிங்: எங்கே எண்ணெய், எங்கே கிரீஸ்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு உதவும். பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பல வருடம் ஷெட்டில் நின்றிருக்கிறது. இப்போது ஓட்டினால் ஸ்டீயரிங் கனக்கிறது, வளைவு முடிந்த பிறகு வீல் தானாக நேருக்கு வர மறுக்கிறது. மெக்கானிக் கண்ணில் பட்ட நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் சிறு வாய்) எல்லாம் கிரீஸ் அடித்துவிட்டார், பலனில்லை. ஒருவர் ராக்கில் (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு) எண்ணெய் ஊற்றச் சொல்கிறார், இன்னொருவர் ஜிஎல்-5 என்ற தரத்துக் கியர் எண்ணெய் பித்தளையைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார். எதைக் கேட்பது? கூடவே, நண்பரின் பத்மினி காரில் ஸ்டீயரிங் பாக்ஸ் கசிகிறதாம், அதில் கிரீஸ் அடைக்கலாமா?

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். "கண்ணில் பட்ட நிப்பிளில் எல்லாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உதறல். அந்த நிப்பிள்களில் இரண்டு, முன்சக்கரங்களுக்குப் பின்னால், அடியில் உள்ள டிரன்னியனில் இருப்பவை. அங்கே போக வேண்டியது கியர் ஆயில், கிரீஸ் கிடையாது. அதைச் சரிபார்க்கும்வரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். ஸ்டீயரிங் கனப்பதைவிடப் பெரிய விஷயம் இது.

ஏன் என்று புரிந்துகொள்ள, சக்கரத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். பிரேக்குக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் எஃகுத் துண்டு வெர்டிகல் லிங்க். அதன் மேல்முனை ஒரு பால் ஜாயிண்டில் மாட்டியிருக்கும். கீழ்முனையில் பெரிய மரை வெட்டியிருக்கும். அந்த மரை, பித்தளை நிறத்தில் இருக்கும் ஒரு கட்டைக்குள் திருகியிருக்கும். அந்தக் கட்டைதான் டிரன்னியன். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் போல்ட்டு நட்டுக்குள் திரும்புகிற மாதிரி இந்த மரை டிரன்னியனுக்குள் திரும்புகிறது. ஸ்பிரிங் கீழ் விஷ்போனில் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) உட்கார்ந்திருப்பதால் முன்பக்கத்து எடையும் இந்த மரை வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. திருப்பமும் இங்கேதான், சுமையும் இங்கேதான்.

டிரன்னியனின் அடிப்பக்கம் மூடியிருக்கும். உள்ளே ஊற்றும் எண்ணெய் ஒரு சிறு கிணறு போலத் தேங்கி, மரை முழுக்க ஏறிப் படரும். ஒவ்வொரு திருப்பத்திலும் புது எண்ணெய் மரைக்குள் போகும். கிரீஸ் அப்படி நகராது. கிரீஸ் கன்னில் அழுத்தும்போது எந்த வழி சுலபமோ அந்த வழியாகப் பிதுங்கி வெளியே வரும். பார்க்கிறவர் நிரம்பிவிட்டது என்று திருப்திப்பட்டுவிடுவார். மரையின் பாதி காய்ந்தே கிடக்கும். மேலே உள்ள ரப்பர் சீல் பழசானால் மழைத்தண்ணீர் இறங்கும். அந்தத் தண்ணீரை வெளியே தள்ள அங்கே எண்ணெய் இல்லை. எஃகு மரையில் துரு பிடிக்கும், துருவில் குழி விழும், குழியில் வெடிப்பு ஆரம்பிக்கும். ஒருநாள் லிங்க் டிரன்னியனுக்குச் சற்று மேலே முறிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்த நிலையில் இது நடந்தால் அதிர்ஷ்டம். நெடுஞ்சாலை வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

இது ஹெரால்டுக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஹெரால்டை உருவாக்கிய டிரையம்ப் கம்பெனி இதே அமைப்பை ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜிடி6 எல்லாவற்றிலும் போட்டது. லோட்டஸ் எலான் போன்ற பந்தய ரத்தம் உள்ள கார்கூட இதே லிங்கை வாங்கிப் போட்டுக்கொண்டது. எண்ணெய் ஊற்றி வைத்திருந்தால் நன்றாகவே உழைக்கும் அமைப்பு. ஹெரால்டின் புகழ்பெற்ற வளைவுக்கும் இந்த முன்பக்க அமைப்புதான் காரணம்: 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், லண்டன் டாக்சிக்கு வைத்திருந்த கணக்கு அதுதான். அவ்வளவு ஒடித்துத் திரும்புகிற சக்கரத்தில் மரையும் அவ்வளவு தூரம் திரும்பியாக வேண்டும் அல்லவா?

சரி, என்ன எண்ணெய்? அந்தக் காலத்துக் கையேடு சொன்னது ஹைப்பாய்டு 90. இன்றைய கடை பாஷையில் ஈபி 90 (ஈபி என்றால் அதிக அழுத்தம் தாங்குவது) கியர் ஆயில், பின் ஆக்சிலில் உள்ள கிரவுனுக்கு ஊற்றுவோமே அதே சாதி. 90 என்ற எண்ணைப் பார்த்து என்ஜின் ஆயில் 40-ஐப் போல இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரி சூட்டில் 90 கியர் ஆயில் 13.5-லிருந்து 18.5 சென்டிஸ்டோக் (எண்ணெயின் கெட்டியை அளக்கும் அலகு) வரை இருக்கலாம். என்ஜின் ஆயிலில் 40-ம் 50-ம் கிட்டத்தட்ட இதே கெட்டிதான். வித்தியாசம் உள்ளே கலந்திருக்கும் மருந்தில்: கடுமையான அழுத்தத்தில் உலோகமும் உலோகமும் நேரடியாக உரசாமல் காக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நாற்றம் கந்தகத்தின் உபயம். 75டபிள்யூ-90 என்று எழுதிய விலை கூடிய சிந்தெடிக் எண்ணெய் நம் ஊருக்குத் தேவையில்லை, அந்த முன்பாதி எண் உறைபனிக் குளிருக்கானது. சாதாரண 90 போதும். மரை கொஞ்சம் தேய்ந்து, எண்ணெய் சீக்கிரம் வடிகிறது என்றால் 140 ஊற்றலாம், தவறில்லை.

ஜிஎல்-5 பித்தளையைத் தின்னுமா என்ற பயத்தில் பாதி உண்மை. கந்தகம் செம்பு கலந்த உலோகங்களோடு வினைபுரியும், ஆனால் அதற்குச் சூடு வேண்டும். எண்ணெயைச் சோதிக்கும் செம்புத் தகட்டுச் சோதனையே 120 டிகிரிக்கு மேல் சூடாக்கி, மூன்று மணி நேரம் முக்கி வைத்துத்தான் நடக்கிறது. டிரன்னியன் எப்போதாவது அந்தச் சூட்டைப் பார்க்குமா? சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் நின்றாலும் பார்க்காது. பயப்பட வேண்டிய இடம் கியர்பாக்ஸ். அங்கே கியர் சுலபமாக விழ உதவும் சின்க்ரோ ரிங் பித்தளை, எண்ணெயும் சூடாகும், உரசலும் உண்டு. அதற்கு ஜிஎல்-4 வாங்குங்கள். அந்த டப்பாவிலிருந்தே டிரன்னியனுக்கும் எடுத்துக்கொண்டால் சண்டையே முடிந்தது. கையில் ஜிஎல்-5 மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையே ஊற்றுங்கள். காய்ந்து கிடப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஏற்கெனவே கிரீஸ் ஏற்றியாகிவிட்டதால் உங்களுக்கு ஒரு வேலை கூடுதல். கிரீஸுக்கு மேல் எண்ணெய் அடித்தால் அது மரைக்குப் போய்ச் சேராது. டிரன்னியனைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே கை விடாதீர்கள். ஸ்பிரிங்கின் அழுத்தத்தைப் பாதுகாப்பாக விடுவிக்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கட்டும். லிங்கிலிருந்து டிரன்னியனைத் திருகி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை. இரண்டையும் கலந்துவிடாமல் தனித்தனித் தட்டில் வையுங்கள். மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் வைத்து மரையைப் பாருங்கள். மேலாக ஒட்டிய துரு தேய்த்தால் போய்விடும், பரவாயில்லை. நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால், அதுவும் மரை முடியும் இடத்தில் என்றால், அந்த லிங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் வெல்டிங் சாமான் கடைகளில் டை பெனட்ரன்ட் ஸ்பிரே செட் கிடைக்கும். சிவப்பை அடித்துத் துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தால், வெடிப்பு இருக்கும் இடம் சிவப்புக் கோடாகத் தெரியும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய லிங்க் கிடைத்தாலும் இந்தச் சோதனை செய்யாமல் மாட்டாதீர்கள். இந்த ஒரு சாமானில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

திரும்ப மாட்டும்போது டிரன்னியனைக் கடைசிவரை திருகிவிட்டு, சக்கரம் இரு பக்கமும் முழுக்க ஒடிய இடம் இருக்கும்படி சற்றுப் பின்னால் திருப்பி நிறுத்த வேண்டும். கடைசிவரை இறுக்கியே விட்டால் ஒரு பக்கம் திரும்பும்போது அடியில் இடித்து, அங்கேயே முறிவுக்கு அச்சாரம் போட்டது போலாகிவிடும். மேல் சீலைப் புதிதாகப் போடுங்கள். அடியில் உள்ள மூடித்தட்டில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள், அது கசிந்தால் ஊற்றுவதெல்லாம் தரைக்குப் போகும்.

எண்ணெய் ஏற்ற, ஒரு பழைய கிரீஸ் கன்னைக் கழுவி எண்ணெய்க்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது நிச்சயம் ஒழுகும், அடியில் தட்டு வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கட்டும். ஒருவர் மெதுவாக ஸ்டீயரிங்கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை திருப்ப, இன்னொருவர் மேல் சீலில் எண்ணெய் கசிந்து எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். முதலில் கறுப்பாகவோ காவியாகவோ வரும், தெளிவாக வரும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு வழிந்ததைத் துடையுங்கள், பிரேக் பக்கம் போகக் கூடாது. 6,000 மைலுக்கு ஒருமுறை என்பது கையேட்டுக் கணக்கு. இன்று ஹெரால்டு வைத்திருப்பவர் யார் அவ்வளவு ஓட்டுகிறார்கள்? மைல் கணக்கை விட்டுவிட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீரில் ஓட்டினால் அன்றைக்கே.

இனி ராக். உங்களுக்கு எண்ணெய் ஊற்றச் சொன்னவர் வேறு வண்டியை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார். பிஎம்சி கம்பெனியின் மினி, எம்ஜிபி போன்ற கார்களில் ராக்குக்குள் ஈபி 90 எண்ணெய்தான், சுமார் 200 மில்லி. மோரிஸ் வம்சத்தில் வந்த நம் அம்பாசிடருக்கும் அதே வழக்கம். ஹெரால்டின் ராக் கிரீஸுக்கென்று செய்தது. அதில் எண்ணெய் ஊற்றினால் ராக்கின் முனைகளை மூடும் மடிப்பு உறையான ரப்பர் பெல்லோஸ் வழியாகச் சொட்டி, ராக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் மவுண்டை ஊற வைத்துவிடும். ஊறின மவுண்டில் ராக் பக்கவாட்டில் ஆடும். வண்டியில் ப்ளே (தளர்வு) என்று நீங்கள் ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

ராக்குக்குக் கிரீஸும் கொஞ்சம்தான். உடம்பில் உள்ள பிளக்கைக் கழற்றி, நிப்பிளை மாட்டி, 12,000 மைலுக்கு ஒருமுறை கன்னில் ஐந்து அழுத்து, அவ்வளவே. அதற்கு மேல் அடித்தால் பெல்லோஸ் வீங்கிக் கிழியும். பல வருடம் நின்ற வண்டி என்பதால் உங்கள் ராக்கில் இருக்கும் கிரீஸ் மெழுகாக உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். பெல்லோஸின் கிளிப்பைத் தளர்த்தி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். பழுப்பாகக் கட்டிதட்டியிருந்தால் புதுக் கிரீஸ் அடித்துப் பயனில்லை, ராக்கை இறக்கிக் கழுவ வேண்டும்.

எந்தக் கிரீஸ்? கடைக்காரரிடம் வெறுமனே "நல்ல கிரீஸ்" என்றால் வீல் பேரிங்குக்கு அடைக்கும் ஏபி த்ரீ டப்பாவை நீட்டுவார். அது என்எல்ஜிஐ 3, ராக்குக்குக் கொஞ்சம் கெட்டி. இந்த எண் கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்வது: ஒரு கூம்பைக் கிரீஸில் விட்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக அளப்பார்கள். 3-ல் 220 முதல் 250, 2-ல் 265 முதல் 295, கஞ்சி போன்ற 00-ல் 400-க்கு மேல். ராக்குக்கு லித்தியம் சோப்பு (எண்ணெயைக் கிரீஸாகக் கெட்டியாக்கும் பொருள்) சேர்ந்த 2 கேளுங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையிலும் இந்தியன் ஆயிலின் சர்வோவோ, காஸ்ட்ராலோ ஏதாவது ஒன்று இருக்கும். பிராண்டைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, டப்பாவின் மேல் என்எல்ஜிஐ எண்ணும் எந்தச் சோப்பு என்பதும் அச்சிட்டிருந்தால் வாங்கலாம், அச்சிடாததைத் தொடாதீர்கள்.

டை ராட் எண்டு, மேல் பால் ஜாயிண்ட் ஆகியவற்றில் நிப்பிளோ, நிப்பிள் போடுவதற்கான பிளக்கோ இருந்தால் அதே லித்தியம் 2 போதும். மாலி டைசல்ஃபைடு கலந்த கறுப்புக் கிரீஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, மெதுவாக அசைந்து, அதிகம் அழுத்தம் வாங்கும் இடங்களுக்கு அது ஏற்றது. நிப்பிள் இல்லாத சீல் செய்த ஜாயிண்ட் என்றால் ஊசி குத்திக் கிரீஸ் ஏற்றும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம், ரப்பரில் போட்ட ஓட்டை வழியாக அடுத்த மழையே உள்ளே போகும். பழைய கிரீஸோடு புதுசைக் கலப்பதிலும் கவனம் வேண்டும். லித்தியத்தோடு களிமண் வகை பென்டோன் கிரீஸ் சேர்ந்தால் இரண்டும் தண்ணீராய் இளகி ஓடிவிடுவதுண்டு. முன்பு என்ன அடைத்தார்கள் என்று தெரியாவிட்டால் பழையது முழுக்க வெளியேறும்வரை புதுசை அடித்துத் துடையுங்கள்.

ஸ்டீயரிங் காலத்தில், அதாவது வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டில், உள்ள புஷ்களுக்கு இது எதுவும் கூடாது. ரப்பர் இருக்கும் இடத்தில் பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸ் சிறு டியூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மெலிதாகத் தடவினால் கிறீச் சத்தமும் போகும். டபிள்யூடி-40 அடித்தால் அன்றைக்கு வழுக்கும், கரைப்பான் ஆவியானதும் மறுபடி பழைய கதை. வேஸ்ட் ஆயிலைத் தொட்டு வைப்பது நம் ஒர்க்‌ஷாப்களில் பழக்கமாகிவிட்டது. கரியும் அமிலமும் கலந்த அதை ஸ்டீயரிங் பக்கமே கொண்டுபோக விடாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் ஸ்டீயரிங் கனப்பதற்குக் காரணம் மசகுதானா என்பதையும் பார்த்துவிட வேண்டும். முதலில் டயர் காற்று. பிறகு முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு டை ராட் எண்டுகளையும் ஸ்டீயரிங் ஆர்மிலிருந்து கழற்றுங்கள். இப்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கையால் திருப்பிப் பாருங்கள். ஒரே சீரான லேசான எதிர்ப்போடு திரும்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் அந்தப் பக்கத்து டிரன்னியன் அல்லது பால் ஜாயிண்ட். சக்கரங்கள் சரி, ஸ்டீயரிங் வீல் மட்டும் கனக்கிறது என்றால் ராக்கோ ஸ்டீயரிங் காலமோ. ராக்கை அதைத் திருப்பும் பல்சக்கரமான பினியனோடு அழுத்தும் டேம்பர் என்று ஒரு ஸ்பிரிங் மூடி உண்டு. ப்ளேயைக் குறைக்கிறேன் என்று யாராவது அதன் ஷிம்களை (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்து இறுக்கியிருந்தால், உலகத்திலுள்ள கிரீஸ் எல்லாம் அடைத்தாலும் வீல் நேருக்கு வராது. என் ஊகம் உங்கள் வண்டியில் டிரன்னியன்தான், தானாக நேருக்கு வராமல் நிற்பது அங்கே காய்ந்திருப்பதன் வழக்கமான அடையாளம். ஆனால் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் என் ஊகத்தை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

நண்பரின் பத்மினிக்கு வருவோம். அது ராக் இல்லாத வண்டி, வார்ம் (திருகு வடிவப் பல்தண்டு) வைத்த ஸ்டீயரிங் பாக்ஸ், அதற்கு ஈபி 90 எண்ணெய். சீல் போய்க் கசிந்தால் கெட்டிக் கிரீஸை அடைப்பது ஊர் வழக்கம். கசிவு நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் வார்ம் திரும்பத் திரும்பத் தன் பாதையில் உள்ள கிரீஸை ஒதுக்கித் தள்ளிவிடும், ஒதுங்கிய கிரீஸ் திரும்ப வந்து மூடாது. பாக்ஸ் நிறைய கிரீஸ் இருக்க, பல்லும் வார்மும் வெறும் உலோகமாக உரசிக்கொண்டிருக்கும். சரியான வழி சீலை மாற்றி 90 ஊற்றுவதே. சீல் கிடைக்கும்வரை சமாளிக்க வேண்டுமென்றால் 00 அல்லது 000 எண் உள்ள கஞ்சிக் கிரீஸ் வாங்கச் சொல்லுங்கள். லாரிகளின் ஆட்டோமேட்டிக் கிரீஸ் சிஸ்டத்துக்கு விற்பார்கள். அது வழிந்து திரும்பி வார்மை மூடும், ஆனால் சீல் வழியாக அவ்வளவு சுலபமாக ஒழுகாது. பழைய கெட்டிக் கிரீஸ் உள்ளே இருந்தால் மேல்மூடியைக் கழற்றி முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஊற்றும்போது நிரப்பு துளையின் அளவோடு நிறுத்தட்டும், பாக்ஸின் கழுத்துவரை திணித்தால் அடுத்து ஒழுகுவது மேல்சீல்.